எஸ்தர் மெதுவாக ஆறவைத்த காந்தங்கள்

காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது எஸ்தரின் தம்பி சாமுவேல் அழைத்தார். "ஏனுங்க சார், அக்கா காலைல எந்திரிக்கவே இல்லீங்க. நெஞ்சுதான்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு" என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். இது வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சரவணம்பட்டியில் ஒரு பொறியியல் கல்லூரியின் இயற்பியல் துறையில் நானும் எஸ்தரும் ஆறு ஆண்டுகள் ஒரே ஆய்வகத்தில் வேலை செய்தோம். அவர் அன்னூர்க்காரர். பெற்றோர் பிறர் தோட்டங்களில் கூலி வேலை செய்து அவரைப் படிக்கவைத்தவர்கள். இதைப் படிக்கும் கல்லூரி நண்பர்களே, உங்களில் பலருக்கு அவர் அதிகம் பேசாதவராகத்தான் தெரிந்திருப்பார்.

எங்கள் ஆய்வு செயற்கை ஸ்பின் ஐஸ் பற்றியது. பெயரில் மட்டும்தான் ஐஸ். ஒரு சிலிக்கான் சில்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத காந்தத் துண்டுகளை வலைபோலப் பதித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு திசைகளில் ஒன்றைத்தான் காட்டும். சூடாக்கினால் அவை திசை மாறிக்கொண்டே இருக்கும். ஆறவைத்தால், ஒரு கட்டத்தில் எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வர வேண்டும். தண்ணீர் உறைவதைப் போல இதுவும் ஒரு நிலைமாற்றம். எந்த வெப்பநிலையில் அது நடக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

மூன்று முறை அளந்தபோதும் அந்த வெப்பநிலைக்கு ஒரே எண் வந்தது. நான் ஓடிப்போய்த் துறைத்தலைவரிடம் சொன்னேன். நிர்வாகம் அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று அறிவித்து வாசலில் பிளெக்ஸ் வைத்தது. எஸ்தர் மட்டும், "மூணு தடவையும் ஒரே வேகத்துலதானுங்க ஆறவெச்சோம்" என்றார். பத்து மடங்கு மெதுவாக ஆறவைத்தார். எண் இறங்கியது. இன்னும் மெதுவாக்கினார். இன்னும் இறங்கியது. உண்மையான நிலைமாற்றம், ஆறவைக்கும் வேகத்துக்கு ஏற்ப இடம் மாறாது.

"அதுக ஒழுங்குக்கு வரலீங்க சார். திரும்ப முடியாம அப்படியே நின்னுபோச்சுங்க."

அறிவித்தது தவறு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஆய்வுக்கூட்டத்தில் நிர்வாகத்தின் முன் அதை அவர் சொன்னார். கல்லூரிச் செயலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். "இன்னும் பாக்கணுங்க" என்றேன். எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

அதன்பின் மதியம் அவருடன் சாப்பிட உட்காருபவர்கள் குறைந்தார்கள். பருவ முடிவோடு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று கடிதம் வந்தது. அவர் மிச்ச நாட்களை எண்ணிக்கொண்டு கருவியை ஓட்டினார். மாடிப்படியில் பாதி வழியில் அவர் உட்கார்ந்திருந்ததை இரண்டு முறை பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா?"

"கேஸ் ட்ரபிளுங்க சார். இந்த ரன் முடியட்டும், போய்க்கிறேன்."

இரண்டாம் முறை நான் கேட்கவே இல்லை. பேச்சு அந்தக் கூட்டத்துக்குப் போய்விடுமோ என்று ஒதுங்கிப்போனேன்.

அன்னூர் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும் சாமுவேல் என்னிடம் வந்தார். "போன வாரங்கூட உங்களப் பத்திப் பேசுனாங்க சார்." நான் எதற்கும் தயாராக நின்றேன். "'சாருக்குத் தெரியும், சொல்றதுக்குத்தான் நாளாகும்'னாங்க." குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

மறுநாளே நிர்வாகத்துக்கு எழுதினேன். அறிவித்த எண் தவறு, எஸ்தர் சொன்னதே சரி என்று என் பெயரிட்டு எழுதினேன். பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வகச் சாவியை ஒப்படைக்கச் சொல்லி ஓர் ஆள் மட்டும் வந்தார். எஸ்தர் அமைத்துவைத்திருந்த மிக மெதுவாக ஆறவைக்கும் ஓட்டத்தை நான் தொடங்கிவிட்டேன். அது முடிய வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். எண் எவ்வளவு இறங்கினாலும் மறைக்காமல் எழுதும் பழக்கம் ஒன்றைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை வந்த அளவுகளை வைத்து இன்று காலை போட்ட கணக்கிலும் அந்த எண் இறங்கித்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.