இரண்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கரும்பலகை

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதுவும் வெயில் அடித்த நாட்களில் மட்டும். மழை பெய்தால் இரண்டாம் வகுப்பு. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பரா, ஒரே ஒரு அறை. ஐந்து வகுப்பும் அதற்குள். நாலாம் வகுப்பு உட்காரும் மூலைக்கு நேர் மேலே கூரைத் தகரத்தில் ஓட்டை. தூறல் விழுந்ததும் நாங்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் வகுப்போடு நெருக்கி உட்கார்ந்துவிடுவோம். வாத்தியாரும் அன்றைக்கு எங்களுக்கும் சேர்த்தே இரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்திவிடுவார். ஹட்டன் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்கு நான் எதை அதிகம் படித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் மூன்று லொறி வாங்கினேன். பட்டம் படித்தவர்கள் எனக்குக் கடிதம் எழுதித் தருகிறார்கள். அதில் கையெழுத்துப் போட இரண்டாம் வகுப்பு தாராளம்.

தோட்டத்தில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. இரண்டிலும் ஒவ்வொரு பள்ளிக்கூடம். ஆனால் கரும்பலகை ஒன்றுதான், அது மேற்கணக்கில். கீழ்க்கணக்கில் எங்களுக்கு இருந்தது ஒரு பழைய தேயிலைப் பெட்டியின் பலகை. வாத்தியார் அதில் அடுப்புக்கரியையும் இலைச்சாற்றையும் அரைத்துப் பூசியிருந்தார். எழுதினால் தெரியாது, தொட்டால் ஒட்டும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மூக்கின் கறுப்பை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். பலகை கேட்டு வாத்தியார் எத்தனையோ கடிதம் எழுதினார். தோட்டம்தான் தர வேண்டும் என்றது அரசாங்கம். அரசாங்கம்தான் தர வேண்டும் என்றது தோட்டம். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பலகைதான் இல்லை.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றும், கரும்பலகை இல்லாத பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்றும் செய்தி வந்தது. என் அப்பாவுக்கு அது நல்ல செய்தி.

"மூடுன மறுநாளே என்கூட புல்லுவெட்டுக்கு வந்துரு. சுரண்டி ஒன்னு கேட்டு வச்சிருக்கேன்" என்றார்.

புல்லு வெட்டும் மலையில் ரத்தம் உறிஞ்சும் அட்டை அதிகம். நான் எதற்கும் பயந்தவன் இல்லை. சிறுத்தை வந்தாலும் நின்று பார்ப்பேன். அட்டையோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகாது. ஆகவே பள்ளிக்கூடம் திறந்தே இருக்க வேண்டும் என்பதில் வாத்தியாரைவிட நான் உறுதியாக இருந்தேன்.

மேற்கணக்கு வாத்தியார் எங்கள் வாத்தியாருக்கு மச்சான். இருவரும் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் முதலில் மேற்கணக்கைப் பார்ப்பார். பிறகு தோட்டத்தை நடத்தும் துரையின் காரில் எங்களிடம் வருவார். கார் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையோ நேராகக் கீழே விழும். கார் வருவதற்குள் பலகை வந்துவிட வேண்டும். தூக்க ஆள்? தோட்டத்திலேயே பலசாலிப் பையன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். துணைக்கு என் சித்தப்பா மகனைச் சேர்த்துக்கொண்டேன்.

அன்று காலையில் நாங்கள் இருவரும் மேற்கணக்குப் பள்ளிக்கூடத்தின் ஜன்னலுக்குக் கீழே குந்தியிருந்தோம். இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை. பலகையில் தன் கையாலேயே ஒரு கணக்கு எழுதினார்: ஒரு பனையில் எட்டுக் குலை நுங்கு, ஐந்து பனையில் எத்தனை குலை? பனையை எங்கள் மலையில் யார் கண்டது? கடைசியில் அவரே "நாற்பது" என்று சொல்லி, அதையும் பலகையில் எழுதிவிட்டு வெளியே போனார்.

கார் உறுமியதும் நாங்கள் பலகையைத் தலையில் ஏற்றினோம். தூறல் பிடித்துக்கொண்டது. பலகை நனைந்து ஊறினால் என்ன ஆவது? மற்றவனாக இருந்தால் அப்படியே ஓடியிருப்பான். நான் யோசிக்கிறவன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடி, பெண்கள் இடுப்பில் கட்டும் அந்தத் தடித்த படங்கைக் கேட்டேன்.

"ஏண்டா, பலகைக்கு சேல கட்டி எங்க கட்டிக் குடுக்கப் போறீங்க?" என்றார் அத்தை.

"கீழ்க்கணக்குக்கு அத்தை. மாப்பிள்ள கார்ல வாறாரு."

"அப்ப பொண்ணு கீழ விழாம கொண்டு போ. வேல பாக்க வர்ற கண்டாக்கையா கண்டாரு, உனக்கும் சேர்த்துப் படங்கு கட்டிருவாரு."

படங்கை இறுக்கிச் சுற்றி, ஒரு சொட்டு ஈரம் படாமல் பலகையைக் கொண்டுவந்து சேர்த்தேன். ஆணியில் மாட்டுவதற்கும் காரின் கதவு சாத்துவதற்கும் சரியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். துரை காரிலேயே இருந்துவிட்டார். எங்கள் வாத்தியார், கோயிலில் திரை விலக்குவதுபோல, படங்கை உருவினார்.

பலகையில் ஐந்து பனையும் நாற்பது குலையும் அப்படியே இருந்தன. மழையில் நனைந்திருந்தால் அத்தனையும் கரைந்து போயிருக்கும். நான் பார்த்த வேலை, ஓர் எழுத்துக்கூட அழியவில்லை.

இன்ஸ்பெக்டர் தன் கையெழுத்தைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "இது ஆர் எழுதினது?"

வாத்தியார் படங்கை மடிக்கத் தொடங்கினார். நான் எழுந்தேன். "நான்தாங்கய்யா."

"நீரோ? பனை மரம் கண்டிருக்கிறீரோ?"

"நெறையா இருக்குங்கய்யா."

"எங்கை?"

நான் ஜன்னல் வழியாக, தேயிலைக்கு நிழலுக்காக நட்ட வாகை மரத்தைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"நுங்கு எந்த இடத்திலை காய்க்கும்?"

"வேர்லங்கய்யா. தோண்டித்தான் எடுப்போம்."

அவர் மேற்கொண்டு கேட்பதற்குள் படங்கிலிருந்து இறங்கிய ஒரு அட்டை அவர் காலுறையில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் கண்டது நான். அவர் கண்டதும் ஒற்றைக் காலில் நின்று "எடும், எடும்" என்றார். வாத்தியார் உப்புத் தேடி ஓடினார். அந்தக் காம்பராவில் எழுதுகிற வெண்கட்டியே கிடையாது, உப்புக்கு எங்கே போவது? அட்டையோடு எனக்கிருந்த விரோதத்தை அன்று ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலால் பிடுங்கி வெளியே எறிந்தேன். என் தைரியத்துக்கு அத்தாட்சி வேண்டுமானால் சித்தப்பா மகன் இன்னும் உயிரோடு இருக்கிறான். நான் அலறியதாகவும் சொல்வான். அதை நம்ப வேண்டாம்.

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். பலகையின் சட்டத்தில் ஒட்டியிருந்த ஒரு தேயிலைக் கொழுந்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வாத்தியார், இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் இந்த ஒரு பலகைதானோ?"

"ஆமாங்கய்யா" என்றார் வாத்தியார், தரையைப் பார்த்து.

"இல்லை எண்டு எழுதினால் பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொல்லுவினம். இருக்கு எண்டு எழுதினால் புதுப் பலகை ஒருநாளும் வராது. நான் எதை எழுத?"

வாத்தியார் எங்களைப் பார்த்தார். அட்டையைத் தொட்ட விரல் எனக்கு இன்னும் கூசிக்கொண்டிருந்தது.

"இருக்குன்னு எழுதுங்கய்யா. தூக்குறதுக்கு நான் இருக்கேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, பலகை உண்டு, நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதினார். போகும்போது வாத்தியாரிடம், அந்த வாகை மரத்தைத் தோண்டினால் தனக்கும் இரண்டு நுங்கு அனுப்பச் சொன்னார்.

அவர் சொன்னபடியே புதுப் பலகை வரவில்லை. மேற்கணக்குக்குக் காலையில், கீழ்க்கணக்குக்கு மத்தியானத்தில் என்று அந்தப் பலகையை நான்தான் சுமந்தேன். எங்கள் வாத்தியார் வெண்கட்டிக்குச் செலவே வைக்கவில்லை. மச்சான் காலையில் என்ன எழுதினாரோ அதுதான் எங்களுக்கு மத்தியானப் பாடம். மேலே தவறாக எழுதினால் கீழேயும் தவறு. மழையில் பாதி அழிந்து வந்தால் பாதிப் பாடம்.

இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று சாயந்திரம் அப்பா சுரண்டியோடு வாசலில் நின்றார்.

"மூடிட்டாங்களா?"

"மூடலப்பா. தெனம் நான் பலகைய மேலயும் கீழயும் தூக்கணும். அப்பத்தான் நடக்கும்."

தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர் போட்டால்தான் எங்கள் ஆட்களுக்கு அது வேலை; ஒரு பேர் என்றால் ஒரு நாள் கூலி. அப்பா சற்று யோசித்தார்.

"அவ்வளவு தூரம் சொமக்குற. வாத்தியாருகிட்ட சொல்லி அரைப் பேராவது போடச் சொல்லு."