மூன்றாவதாக நடந்தது

அந்தத் தீபாவளி இரவு நடந்தவை:

1. எட்டரை மணிக்கு மத்தாப்புப் பெட்டி காலியானது.
2. ஒன்பது மணிக்குச் சித்தி என்னையும் அண்ணனையும் படுக்கவைத்தார்.
3. பிறகு அவர் குளிக்கப் போனபோது, அவருடைய கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
4. விடியற்காலை நான்கு மணிக்கு அவர் அதைத் தேடினார்.
5. நாலேகாலுக்குக் கம்பெனி பஸ் அவர் இல்லாமலே சிங்கப்பூருக்குப் போனது.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் தங்கையான சித்தி, மலேசியாவின் ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில் எங்களோடு தங்கி, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தார். நாங்கள் எழும்போது இருக்கமாட்டார். தூங்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். தீபாவளியன்று பகல் முழுக்க இருந்தார். மறுநாளும் இருக்கவேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். பாஸ்போர்ட் இல்லாமல் சிங்கப்பூர்ப் பாலம் தாண்ட முடியாது என்பது ஜொகூர் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

கொண்டாட்டத்தில் துள்ளும் பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சித்தி ஒரு முறை வைத்திருந்தார். வெடிமருந்து வாசம் போகும்வரை வெதுவெதுப்பான நீரில் எங்கள் கால்களைக் கழுவுவார். பாதத்தில் நல்லெண்ணெய் தேய்ப்பார். விளக்கை அணைத்துவிட்டு, கதை சொல்லமாட்டார். எங்களைச் சொல்லச் சொல்வார்.

"எண்ணெ தேச்சுக் குளிச்சதுல இருந்து வரிசையா சொல்லு லா. தாவக்கூடாது."

"முறுக்கு தின்னேன்" என்பான் அண்ணன்.

"எத்தன?"

"நாலு."

"பொய். டின்னு பாதி காலி, திருடா."

சிரிப்போம். கேள்விகளுக்கிடையே அவர் குரல் மெல்ல மெல்லத் தாழும். மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டி நாங்கள் விழித்திருந்ததே இல்லை. அன்று நான் மட்டும் விழித்திருந்தேன்.

நான்கு மணிக்கு அம்மா சொன்னது கேட்டது: "அவள எழுப்பிக் கேளு. அவதான் உன் பைய நோண்டுவா."

"வேணாங்க்கா. இப்பத்தான் அசந்திருக்கும். நான்தான் எங்கயாச்சும் போட்டிருப்பேன்."

கண்ணை மூடியபடி, தூங்குகிறவளைப் போல மூச்சை நீட்டி நீட்டி விட்டேன். அவர்கள் ஹாலுக்குப் போனதும் பயம் பிடித்தது. பாஸ்போர்ட்டை மெத்தை ஓரமாகத் தரையில் தள்ளிவிட்டேன். இரவு சித்தி உட்கார்ந்திருந்த இடம் அது.

"பாருக்கா, இங்கதான் விழுந்து கெடக்கு. என் மறதி!"

பஸ் போய்விட்டிருந்ததால், அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையிலேயே கிளம்பினார். பாலத்துக்கு முந்திய வளைவில் சறுக்கி விழுந்தார்.

முறிந்த வலது கால் கூடியது. ஆனால் கட்டையாகக் கூடியது. நின்று செய்யும் வேலை அதோடு போயிற்று. இப்போது ரெங்கம் என்ற சிற்றூரில் மாமா வீட்டில் இருக்கிறார். குடும்பத்தில் யார் எதைத் தொலைத்தாலும், "சித்தி மாதிரி ஆயிட்டியே" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்திருக்கிறேன்.

பத்து பகாட் நகரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பொறியாளராக இருக்கிறேன். பழுதான ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் எழுதுவது என் வேலை. இடையில் ஒரு படி விடுபட்ட அறிக்கையில் நான் கையெழுத்திடுவதில்லை.

இந்தத் தீபாவளி இரவு அண்ணன் பிள்ளைகள் இருவரும் கட்டிலில் குதித்துக்கொண்டே இருந்தார்கள். சித்திக்குப் போன் செய்தேன். கால் கழுவுவதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"வரிசையா சொல்லச் சொல்லு. நீ அவசரப்படாம கேளு." பிறகு, "அடுத்த வாரம் வேலையா சிங்கப்பூர் போறியாமே? பாஸ்போர்ட்ட பத்திரமா வச்சுக்கம்மா. என்ன மாதிரி இருக்காத."

"சரி சித்தி" என்றேன்.

பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். சித்திக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. கால் இப்படி ஆனது தன் மறதியால்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.