சத்தமாப் பேசுங்கம்மா

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஆனி மாதம். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் ஒரு கப்பல் ஏஜென்சியில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றதும் பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒருத்திதான் பிரிவு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், மேனேஜர் வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும் நான்தான்.

எங்கள் கான்ஃபரன்ஸ் அறை என் உயிரை வாங்குவதற்கென்றே கட்டியது. சுவர் அகலத்துக்கு ஒரு டிவி, பதினாறு பேர் உட்காரும் மேஜை, நடுவில் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த தோசைக்கல் மாதிரி வட்டமான ஒரு யுஎஸ்பி கருவி. கம்ப்யூட்டரில் செருகினால் போதும், பேசலாம் என்று விற்றவர் சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

செருகினால் சத்தம் டிவியில் வந்தது. நம் பேச்சையோ, அந்தக் கருவியை விட்டுவிட்டு, கேமராவில் இருந்த குட்டி மைக் எடுத்துக்கொண்டது. இரண்டையும் மாற்றி வைத்தால் ஒரு அப்டேட் வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். கேமரா, கீபோர்டு, மவுஸ் எல்லாம் தொங்கிய ஒரே ஹப்பில் இதையும் யாரோ நீள வயர் போட்டுச் செருகியிருந்ததால் பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. ஹப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரின் பின்னால் நேராகச் செருகினேன். கேமரா மைக்கையும் டிவி ஸ்பீக்கரையும் அடியோடு முடக்கினேன். மறுநாள் வந்து பார்த்தால், மேனேஜர் என் வயரைப் பிடுங்கிவிட்டு அங்கே தன் போனுக்கு சார்ஜ் போட்டிருக்கிறார். கேட்டால், "ஒரு ஓட்டைதானம்மா, அதுக்குப் போயி இப்படி மூஞ்சியத் தூக்குத" என்கிறார். இவர்களுக்கு நான் மைக் மாட்டிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது நினைப்பேன்.

எல்லாம் முடிந்ததும் மும்பையில் இருக்கிற தலைமை அலுவலகம் ஆரம்பித்தது. உங்கள் பேச்சைவிட லாரி ஹாரன்தான் அதிகம் கேட்கிறது, ஏசி உறுமுகிறது என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் புலம்பல். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மீட்டிங் ஆப்பில் இரைச்சலை நீக்கும் வசதியை உச்சத்தில் தூக்கி வைத்தேன். அலுவலகத்தில் இருந்த ஆறு பேரையும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு மெதுவாகப் பேச வராது. கிரேன் சத்தத்துக்கு நடுவிலேயே காலம் தள்ளியவர்கள், பக்கத்து இலைக்காரரிடம் உப்பு கேட்டாலே வாசலில் நிற்கும் வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். மும்பையில் அத்தனை பேர் குரலும் பளிச்சென்று கேட்டதாம், ஒரு லாரிகூடக் கேட்கவில்லையாம். இரண்டு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் மூலமாகக் கப்பல் வேலைக்குப் போன ஒருவர், கப்பலின் சரக்கு அறைக்குள் விழுந்து காலை நசுக்கிக்கொண்டார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காலில் சீழ் ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். அவரோ, வீட்டுக்காரியிடம் பேசாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று இரண்டு நாளாகப் பிடிவாதம் பிடித்தார். விழுந்ததில் அவருடைய போனும் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரி தன்னுடைய இணைப்பில் அரை மணி நேரம் தருவதாகச் சொன்னது. அதுவும் எங்கள் அலுவலகத்தின் மீட்டிங் ஆப் கணக்கில் மட்டும், வேறு போனில் நுழைய வழியில்லை.

அவர் மனைவி வேம்பார் பக்கத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு மஞ்சள் பை. கதவோரத்தில் உட்கார்ந்தவரை நான்தான் நடுவில், மைக்குக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து உட்கார வைத்தேன். பதினொரு மணிக்கு இணைப்பு வந்தது. லைன் பலவீனமாக இருந்ததால் படத்தை நிறுத்திவிட்டு, குரல் மட்டும் போதும் என்றார்கள்.

மேனேஜர் பேசினார், அங்கே கேட்டது. மீட்டிங்கில் சேர்ந்திருந்த மும்பை அலுவலகம் பேசியது, கேட்டது. அந்த அம்மா பேசினார்.

"யாரும் பேசலையே" என்றது கணவரின் குரல்.

மறுபடியும் பேசினார். எனக்கு நன்றாகக் கேட்டது. அங்கே ஒன்றும் போகவில்லை. "சத்தமாப் பேசுங்கம்மா" என்றேன். அவர் பேசினார். "அவ பேச மாட்டேங்காளா?" என்றார் கணவர். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. இவ்வளவு நல்ல மைக்கை முகத்துக்கு நேரே வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை உரக்கச் சொல்ல முடியாதா என்று. "சத்தமாப் பேசுங்கம்மா" என்று மறுபடியும் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் வேறு நேரமாகிறது என்று நினைவூட்டினார்.

மேனேஜர் பொறுமை இழந்து, "ஒங்க வீட்டுல சரின்னு சொல்லுதாங்கய்யா, கையெழுத்துப் போடுங்க" என்று உரக்கச் சொன்னார்.

"நீங்க சொன்னா ஆச்சா? அவ வாயால சொல்லட்டும்" என்றார் அவர்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "சத்தமாத்தாம்மா பேசுதேன். இதுக்கு மேல சத்தம் குடுத்தா அழுதுருவேன். நான் அழுதா அவிய கையெழுத்துப் போட மாட்டாவ."

அப்போதுதான் நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். அவர் பேசும்போது மைக்கின் பச்சைக் கோடு அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மைக்குக்குக் கேட்கிறது. அங்கே போகவில்லை. நடுவில் விழுங்குவது யார்? நான் உச்சத்தில் தூக்கி வைத்த அந்த வசதிதான். அழுகையை அடக்கிக்கொண்டு வந்த அந்தக் குரலை அது ஏசி உறுமலோடு சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தது. அந்த வசதியை அணைத்தேன், ஓடிப்போய் ஏசியையும் அணைத்தேன். வெளியே போன லாரியின் ஹாரன் முழுசாக உள்ளே வந்தது. மும்பையில் யாரோ சத்தம், சத்தம் என்றார். கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லி மேனேஜர் ஒரு போடு போட்டார்.

அந்த அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சி, சேலைத் தலைப்பால் துடைத்தார். அவ்வளவுதான்.

"ஏளா, அழாத" என்றார் கணவர். "கேக்குது."

அதற்குப் பிறகு அவரால் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். "எடுக்கட்டும். காலு போனா போவட்டும். நீங்க வந்து சேருங்க." அவர் டாக்டரிடம், பேனாவைக் கொடுங்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

என்னம்மா கோளாறு என்று மேனேஜர் கேட்டபோது, நெட்வொர்க் என்று கூசாமல் பொய் சொன்னேன். அந்த அம்மா கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நீங்க இல்லன்னா இன்னைக்குப் பேசியிருக்கவே முடியாதும்மா" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறு வாரம் மும்பை மறுபடி ஹாரன் புராணம் பாடியது. பாடட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது வேறு அலுவலகத்தில், வேறு அறையில் மைக் மாட்டுகிறேன். அங்கேயும் வயரைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் கோபம் குறைந்தபாடில்லை. ஆனால் எதிரில் இருக்கிறவர் குரல் எட்டவில்லை என்றால், அவரிடம் சத்தமாகப் பேசச் சொல்ல மட்டும் இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை. என் பக்கம் எதை மூடி வைத்திருக்கிறேன் என்றுதான் முதலில் தேடுகிறேன்.