வெண்ணெய் தடவிய கதை

என்னோடு பெங்களூரில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா, இன்று வேலை முடிந்து கேஜிஎஃப் திரும்பும் ரயிலில் திடீரென்று கேட்டார்.

"இங்கிலீஷ்ல பட்டர் பண்றதுன்னு சொல்றாங்களே, அது எங்கேர்ந்துபா வந்துச்சு?"

போனில் தேடினேன். ரொட்டியில் வெண்ணெய் தடவுவது போல ஆளைப் புகழ்வதாம். நம்மவர்கள் சாமி சிலைமேல் வெண்ணெய் எறிந்து வரம் கேட்டதில் தொடங்கியது என்றும் ஒரு கதை உண்டு. ஆதாரம்தான் இல்லை.

"இருக்கும்பா. ஆஞ்சநேயருக்கே வெண்ணெய் பூசறாங்களே. நானும் மேனேஜருக்கு வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் கேக் குடுத்தேன், காண்ட்ராக்ட்டை நீட்டிப்பாருன்னு."

"இப்ப இன்னாக்கா ஆச்சு?"

"இன்னிக்கு என்னையும் நிறுத்திட்டாங்க, அவரையும் நிறுத்திட்டாங்க. போறப்ப, 'உங்க மாதிரி வேலை செய்ய ஆளே இல்ல மேடம், எங்கனா வேலை இருந்தா சொல்லுங்க'ன்றாரு."

என் காண்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது. எங்கள் ஆபீசில் இனி யாருக்குத் தடவ வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.