நடந்துபோன அருந்ததி

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அருந்ததியைப் பட்டப்பகலில்தான் காட்டுவார்கள். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு வடக்கே கையை நீட்டுவார். பெண்ணும் "தெரியுது" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். இல்லாத நட்சத்திரத்தைப் பார்த்ததாகச் சொல்ல யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

எனக்கு மாமியாராக வந்தவருக்கு மட்டும் இருந்தது. "பொய் சொல்லிக்கினு ஒரு பொண்ணு என் வூட்டுப் படி ஏற வேணாங்க. பொழுது சாயட்டும், மெய்யாலுமே பாக்கட்டும். அப்புறம் அழைச்சிக்கினு போறேன்" என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அறுபதுகளில் ஒரு வைகாசி அது. காலையில் கட்டிய தாலியோடு, விழுப்புரம் புறப்படாமல், திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். கணவருக்கு விழுப்புரம் ஜங்ஷனில் தந்தி அடிக்கிற வேலை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வானம் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்ததும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்கள். பசியும் தூக்கமும் மல்லிகை வாசனையுமாக, கால் தரையில் படாமல் நடப்பதுபோல இருந்தது. காலங்காலமாகப் பகலிலேயே பார்த்துப் பழகியதில், நிஜ அருந்ததி எதுவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கணவர் உத்தேசமாக வடக்கே கையை நீட்டினார். விரல் நுனியைத் தாண்டிப் பார்த்தேன். சிதறிக் கிடந்த நட்சத்திரங்களின் நடுவே ஒன்று மட்டும், எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இமைக்கவே மனசு வரவில்லை. அவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"தெரியுதாம்மா?" என்றார் மாமியார்.

"தெரியுதுங்க அத்தை. ஆனா அது நடந்து போவுதே."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அசையாமல் நிற்கவேண்டிய அருந்ததியே நடந்து போனால், அதைப் பார்த்த பெண் புகுந்த வீட்டில் எப்படி நிலைப்பாள்? மாமியாரும் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் அது நடந்துதான் போனது.

"இந்தப் பொண்ணு இங்கியே இருக்கட்டும். யோசன பண்ணிச் சொல்றேன்" என்றார்.

அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல் என்றீர்கள், சொன்னேன், அதற்கு இதுவா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கணவர் மட்டும் சிரித்தார். "எம்மா, அது நட்சத்திரமே இல்ல. அமெரிக்காக்காரன் உட்ட பலூன். ராக்கெட்டுல கொண்டுபோய் மேல ஊதி உட்டுக்கிறாங்க. ஒரு தேசத்துலேருந்து பேசினா அதுல பட்டுத் திரும்பி இன்னொரு தேசத்துல கேக்குமான்னு பரிச்ச பாக்குறாங்க. பேப்பர்ல படிச்சேன்."

"யார்கிட்ட கத வுடுற?"

"வெயிலு பட்டுத்தான் அது மின்னுது. பாத்துக்கினே இரு. கெழக்கால எறங்கறதுக்கு முன்னாடியே பூமியோட நெழல்ல பூந்து அவிஞ்சி போவும். நட்சத்திரம் அப்பிடி அவியுமா?"

எல்லோரும் அண்ணாந்து நின்றோம். அது அவசரமே படாமல் தென்னங்கீற்றுகளைத் தாண்டிக் கிழக்கே போனது. என் வாழ்க்கை அதன் கையில் இருந்தது. அணைந்துபோ, அணைந்துபோ என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு அழகானதைப் பார்த்து அப்படி வேண்டுவது பாவமாகவும் இருந்தது. நடுவானத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். மங்கியது, செம்மண் நிறத்துக்கு வந்தது, பிறகு இல்லை. மேகம்கூட இல்லாத இடம்.

மாமியார் வெகு நேரம் அந்த வெற்று இடத்தையே பார்த்தார்.

"அதுல ஆளு இருக்குதாடா?"

"இல்லம்மா. வெறும் காத்து."

"பரிச்ச முடிஞ்சா எறக்கிக்கினு வந்துருவாங்களா?"

"எறக்க வழி இல்ல. அப்பிடியே சுத்திக்கினு கெடந்து, ஒரு நாளு எரிஞ்சி போவும்."

"அய்யே… பரிச்சைக்குன்னு அனுப்பிட்டு அப்பிடியே உட்டுர்றதா?" என்றார். அதன் பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "வாம்மா, நம்ம வூட்டுக்குப் போவலாம். ஜல்தி, பஸ்ஸு பூடும்."

கணவர் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். மாடிப்படியின் இருட்டில் இறங்கும்போதுதான், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு வந்தது. அத்தை பிடியை இறுக்கிக்கொண்டார்.