எந்தப் பொத்தானுக்கு என்ன அர்த்தம்

தொண்ணூறுகளின் கடைசியில் தி. நகரில் ஒரு மாடி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். டிவியோடு இணைக்கும் கணினிப் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். ரிமோட்டிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை இயங்குதளம் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கான 'டிரைவர்' என்ற நிரலை எழுதுவது என் வேலை.

மேலாளருக்கு எல்லாமே சுலபம். "நம்ம பெட்டியோட ஒரு ரிமோட்தானே தரப்போறோம்? அதோட கோட் நம்பரை டிரைவர்லயே எழுதிடும்மா. ஊர்ல இருக்கற ரிமோட்டுக்கெல்லாம் நீ ஏன் கவலைப்படறே?"

நான் கவலைப்பட்டேன். ஒவ்வொரு கம்பெனி ரிமோட்டும் ஒவ்வொரு தாளத்தில் மினுக்கும். ஒன்றை மட்டும் உள்ளே புதைத்துவிட்டால், அது உடைகிற நாளில் பெட்டியே குப்பை. ஒளி எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு நேரம் அணைந்திருந்தது என்று டிரைவர் சொன்னால் போதும். எந்தப் பொத்தானுக்கு என்ன அர்த்தம் என்பதை, கையில் வைத்திருப்பவர் முடிவு செய்யட்டும். அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன். நான் விடுவதாக இல்லை.

"சரி, நாங்க யாரும் பார்க்காத ஒரு ரிமோட்டை நாளைக்குக் கொண்டு வா. டிரைவர்ல ஒரு வரிகூட மாத்தாம வேலை செய்யணும். இல்லேன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு நான் சொல்ற மாதிரி எழுது" என்றார்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ரிமோட் மாமனாரின் சொத்து. பிளாஸ்டிக் உறை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, தூங்கும்போதும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். நானும் மாமியாரும் அதைத் துடைக்கலாம், அழுத்தக் கூடாது.

"ஒரு நாள் ஆபீஸுக்கு வேணும்ப்பா" என்றேன்.

"நன்னாருக்கே! சேனல் மாத்த நான் எழுந்து எழுந்து போகணுமா?"

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தார். "ரிமோட் வர்றதுக்கு முன்னாடி யார் எழுந்து மாத்தினா? நான்தானே? நாளைக்கு ஒரு நாள் பழையபடி நானே மாத்தறேன். அவ எடுத்துண்டு போகட்டும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அலுவலகத்தில், ஒளியை வாங்கும் ரிசீவர் முன்னால் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, இது ஒலி, இது நிறுத்து என்று டிரைவரைத் தொடாமலே கணினிக்குப் பழக்கினேன். மேலாளர் வாங்கி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் உதட்டோரம் சிரிப்பு. வெடுக்கென்று வாங்கி, மாமனார் செய்வதுபோல உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி அழுத்தினேன். பேட்டரிக்கு உயிர் வந்தது. ஒலி ஏறிக்கொண்டே போனது.

"இந்தப் பட்டன்ல வேற எதையாவது வைக்க முடியுமா?"

"எதை வேணும்னாலும் வைக்கலாம் சார். அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

 நான் எழுதியது அப்படியே பெட்டிக்குள் போனது.

மாலை வீடு திரும்பியபோது மாமியார் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய் ரிமோட்டை மாமியார் கையில் கொடுத்தேன்.

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் மாமனார்.

மாமியார் ரப்பர் பேண்டைக் கழற்றி, உறையை உருவி, பொத்தான்களை நிதானமாகப் பார்த்தார். சிவப்பை அழுத்தினார். செய்தி வாசித்தவர் பாதி வாக்கியத்தில் காணாமல் போனார்.

"இது ஒண்ணு தெரியும்" என்றார்.