ஜோதிலட்சுமி, பி.எஸ்சி., பி.இ.

ஜோதிலட்சுமியை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவளைப் புகழ வந்ததாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளடங்கிய ஒரு கிராமம் அவளுடையது. அப்பா அருணகிரிக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு லோடு வண்டியும் இருந்தன. அவள் பிளஸ் டூ முடித்த வருஷம், ஒரே டிரஸ்ட் நடத்தும் இரண்டு கல்லூரிகள் சேர்ந்து ஒரு புதுப் படிப்பை அறிவித்தன. செங்கல்பட்டில் மூன்று வருஷம் பிசிக்ஸ் படிக்க வேண்டும். பிறகு மாமல்லபுரம் பக்கம் கடலோரமாக இருக்கும் எங்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் மெக்கானிக்கல். ஐந்து வருஷத்தில் இரண்டு பட்டம் என்று பஸ்ஸுக்குப் பின்னால் எல்லாம் ஒட்டியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் கைக்கு வரும், கடைசியில் ஒரு பேப்பர் போனாலும் பிசிக்ஸ் பட்டமும் நின்றுபோகும் என்பதை மட்டும் எங்கேயும் ஒட்டவில்லை.

செங்கல்பட்டு வாத்தியார்கள் அவர்களை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்த கூட்டம் என்றார்களாம். எங்களுக்கு அவர்கள் வெறும் 'பி.எஸ்சி'. நாங்கள் இரண்டு வருஷம் முட்டிமோதி ஏறி வந்த வகுப்பில் இவர்கள் நேராக மூன்றாம் வருஷத்தில் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் எரியாது? மற்றவர்களாவது வாயை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சில் இருந்தார்கள். ஜோதிலட்சுமி முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மணியடிக்கும் நேரம் பார்த்து எழுந்து, அந்த சமன்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். வாத்தியாருக்கும் தெரியாது. எங்களுக்கும் பஸ் போய்விடும். நான் கூடுவாஞ்சேரி போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும். ஒருநாள் தாங்க முடியாமல் "உனக்குத் தெரியலன்னா வூட்ல போய்ப் படி" என்றேன். உன் மூளை எந்தக் கம்பெனி உதிரிபாகம் என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சென்றால் சண்டைதான்.

கடைசி செமஸ்டரில் பம்ப் லேப். எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. பம்ப்பின் எஃபிஷியன்சி ஐம்பத்தாறு சதவீதம் வர வேண்டும். லேப் அசிஸ்டென்ட் கண்ணாயிரம் இதை ஒவ்வொரு பேட்சுக்கும் காதோடு காதாகச் சொல்லுவார். நாங்கள் விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை நிரப்புவோம். மோட்டாரைப் போடுவது சத்தத்துக்காக மட்டும்தான். யாருக்கும் இதில் வெட்கம் கிடையாது, எனக்கும் இல்லை.

பரீட்சை அன்றைக்கு நான் கூடுவாஞ்சேரியில் காய்ச்சலில் கிடந்தேன். நடந்ததை மறுநாள் வகுப்பே சொல்லிச் சிரித்தது. ஜோதிலட்சுமி கண்ணாயிரத்தின் எண்ணை வாங்க மாட்டேன் என்று சொல்லி, நிஜமாகவே ரீடிங் எடுத்திருக்கிறாள். விடை நூற்றுப் பன்னிரண்டு சதவீதம் வந்திருக்கிறது. கொடுத்த கரண்டைவிட அதிக வேலை செய்கிற பம்ப்! வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் கோதண்டராமன், இந்த ஒரு பம்ப் இருந்தால் போதும், ஜில்லாவுக்கே கரண்ட் கொடுக்கலாம் என்றாராம். மாற்றி எழுத ஒரு வாய்ப்பும் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்ததைத்தான் எழுதுவேன் என்று இவள் நின்றிருக்கிறாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு வாயே எமனாகிவிட்டது. ஃபெயில்.

ஒரு லேபுக்காக இரண்டு பட்டமும் அந்தரத்தில் தொங்கின. மூன்று மாதத்தில் அரியர் பரீட்சை. அருணகிரி கல்லூரி வாசலுக்கே லோடு வண்டியில் வந்து, எல்லோர் எதிரிலும் அவளிடம் சொன்னார்: "அஞ்சு வருசம்னு சொன்ன, உட்டேன். இன்னொரு வாட்டி கோட்ட உட்டன்னா வூட்டோட கெட. அதுக்கு மேல நான் படிக்க வெக்க மாட்டேன்."

அவர் போன பிறகு அவள் பஸ் நிறுத்தத்தில் நின்று, பம்ப்பில் அழுத்தம் காட்டும் கேஜ் சரியில்லை, கல்லூரி சரியில்லை, எக்ஸ்டர்னல் சரியில்லை என்று கூட இருந்தவர்களிடம் பொரிந்துகொண்டிருந்தாள். எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வாய்க்கும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆரம்பித்தேன்.

"மூணு வருசம் பிசிக்ஸ் படிச்சல்ல? மோட்டார் போடறதுக்கு முன்னாடி கேஜ்ல முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்தியா?"

குத்திக்காட்டத்தான் கேட்டேன். சத்தியமாக அதற்கு மேல் ஒரு எண்ணமும் இல்லை. ஆனால் அவள் முகம் வெளுத்துவிட்டது. பிசிக்ஸ் லேபில் முதல் வாரம் சொல்லித்தருவதே அதுதான்: கருவி சும்மா இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா பார், இல்லையென்றால் அந்தப் பிழையைக் கழி. உப்புக் காற்றில் துருப்பிடித்த அந்த கேஜ், தண்ணீரே ஓடாதபோதும் ஏதோ அழுத்தம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. விடையைப் பின்னோக்கி எழுதிய எங்களுக்கு அது தெரிய வழியில்லை. முன்னோக்கிச் செய்த அவளோ பார்க்க மறந்திருந்தாள். பொரிந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

காய்ச்சலில் பரீட்சையைத் தவறவிட்டதால் அரியருக்கு நானும் போனேன். அதே கோதண்டராமன், அதே பம்ப், அதே கேஜ். கண்ணாயிரம் அவள் பக்கமாகக் குனிந்து, "அம்பத்தாறு, மறந்துடாத" என்றார். அவள் மோட்டாரைத் தொடவில்லை. முதலில் கேஜின் முன்னால் நின்று முள்ளைப் பார்த்து எழுதிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு ரீடிங்கிலும் அந்தப் பிழையைக் கழித்து, தாளின் தலைப்பிலேயே ஏன் கழித்தேன் என்று விளக்கியும் வைத்தாள். நான் பக்கத்து மேஜையில் என் ஐம்பத்தாறைப் பின்னோக்கி உருட்டி முடித்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு விடை ஐம்பத்தைந்து வந்தது.

கோதண்டராமன் தாளை வாங்கினார். தலைப்பை அவர் கண் தொடவே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் எண்ணைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பத்தாம்மா உனக்கு புத்தி வந்துகீது. எல்லாரும் எழுதறத எழுதினா இன்னா கொறஞ்சி பூட்டே? இத அன்னிக்கே பண்ணியிருக்கலாம் இல்ல?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது வெடிக்கப் போகிறாள், ஆசாமி தொலைந்தார் என்று காத்திருந்தேன். உள்ளுக்குள் எனக்கு ஆசையாகவே இருந்தது. அவள் காதுமடல் சிவந்துவிட்டது. தலைப்பைக் காட்ட விரலை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள்.

"ஆமா சார்" என்றாள்.

வெளியே வந்ததும் எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. நேர்மையாகச் செய்துவிட்டுக் காப்பி அடித்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு வருகிறாயே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன்.

"அந்தாளுக்கு புரிய வெச்சி எனக்கு இன்னா ஆவப்போவுது? கோவம் வந்து மார்க்க கொறச்சான்னா? எனக்கு ரெண்டு டிகிரியும் வேணும் ரமேஷ்" என்றாள். அதுவரை அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண் கலங்கியிருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் "போடா நாயே" என்று சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு பட்டமும் வந்தன. ஊரில் அருணகிரி பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார். அவள் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அங்கேயும் யாரையாவது கேள்வி கேட்டுக் கொல்லுவாள்.

என் சித்தப்பா மகள் திவ்யா இப்போது அதே கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் அவளுக்குப் பம்ப் லேப். கண்ணாயிரம் இன்னும் அங்கேதான் இருக்கிறாராம், கேஜும் மாறவில்லையாம். நிஜமாகவே ரீடிங் எடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் அவர் சொல்லுகிற கதையைத் திவ்யா எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு டிகிரி வாங்கின ஜோதிலட்சுமியே மொதல்ல வீம்பு புடிச்சிட்டு, கடைசியில நான் சொன்ன அம்பத்தாறதான் எழுதிட்டுப் போச்சு. நீங்கள்லாம் எம்மாத்திரம்?"

ஜோதிலட்சுமியைச் சீண்ட இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது என்று உடனே போன் போட்டேன். முழுவதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் மெதுவாக, "அம்பத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.